கேள்வி நேரம்: பேர் கூப்பிட்டுச் சம்பளம் போடும் கர்சர்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, "டேட்டாபேஸ் நிரலில் கர்சர் என்ற சொல்லைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்" என்று எழுதியிருந்தேன். கர்சர் என்பது டேபிளில் உள்ள வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்ய உதவும் ஏற்பாடு. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதம் முழுவதையும் கர்சருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, நான் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நான்கு தோட்டங்களுக்கும் எங்கள் அலுவலகத்தில்தான் சம்பளம் போடுகிறோம். எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸுக்குள் சேமித்து வைத்த ஒரு நிரல், அதாவது ஸ்டோர்ட் புரொசீஜர், கர்சரைத் திறந்து ஒவ்வொரு தொழிலாளியாக எடுக்கும். அவர் வெட்டிய குலைகளைக் கூட்டி, சேமநிதி அட்டவணையைப் பார்த்து, முன்பணத்தைக் கழித்து, சம்பளச் சீட்டை எழுதும். மாதக் கடைசியில் இது ஓடி முடிய முக்கால் மணி நேரம் ஆகிறது. அதுவரை மற்றவர்கள் எதையும் பதிய முடிவதில்லை. கல்லூரியில் எங்களுக்குக் கர்சரைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். மேலாளரோ கர்சரே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?
— இளம் கிராணி ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, உங்கள் வேலையைப் பொறுத்தவரை மேலாளர் சொல்வதுதான் சரி. ஆனால் "கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு அதில் ஒரு பயனும் இல்லை. ஏன் கூடாது, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

நீங்களும் நானும் தோட்டத்துக்காரர்கள், அதனால் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கும் பெரட்டிலிருந்தே தொடங்குகிறேன். என் அப்பா பால் மரம் வெட்டியவர். சின்ன வயதில் விடியலுக்கு முன்பே அவரோடு பெரட்டுக் களத்துக்குப் போய் நிற்பேன். கிராணி செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தைத் திறந்து ஒரு பேரைக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் வரும். புத்தகத்தில் ஒரு கோடு விழும். பிறகு அடுத்த பேர். கர்சர் செய்வதும் இதேதான். யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் தயாரிப்பது டிக்ளேர். புத்தகத்தைத் திறப்பது ஓப்பன். ஒரு பேரைக் கூப்பிடுவது ஃபெட்ச். மூடுவது குளோஸ். அலமாரியில் திரும்ப வைப்பது டீஅலோகேட்.

இப்போது செம்பனை ஆலைக்கு வாருங்கள். குலை ஏற்றிய லோரி உள்ளே வந்ததும் என்ன செய்கிறார்கள்? லோரியோடு மேடையில் ஏற்றி எடை எடுக்கிறார்கள். கொட்டிவிட்டுத் திரும்பும்போது வெறும் லோரியை எடை பார்த்துக் கழித்துக்கொள்கிறார்கள். லோரியில் உள்ள ஒவ்வொரு குலையையும் இறக்கித் தராசில் வைத்தால் அன்றைய பழம் அங்கேயே அழுகிப் போகும்.

உறவுமுறை டேட்டாபேஸ் இந்த மேடையைப் போன்றது. ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் அடிப்படை இருக்கிறது. தரவைத் தொகுப்பாகப் பார், உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல், எந்த வழியில் எடுப்பது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய எண்ணம். முழுக் கேள்வியும் கண்ணெதிரே இருந்தால்தான் எஸ்கியூஎல் சர்வரால் நல்ல வழியைத் தேர்ந்தெடுக்க முடியும். நீங்களோ ஆயிரம் தொழிலாளிகளுக்கு ஆளுக்கு நான்கு என்று நாலாயிரம் சின்னக் கேள்விகளாக அதை நறுக்கிக் கொடுக்கிறீர்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது அடுத்து என்ன வரப்போகிறது என்று அதற்குத் தெரியாது. போதாததற்கு, அந்த நாலாயிரமும், மொத்தமும் முடிந்தால்தான் உறுதியாகும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். முக்கால் மணி நேரமும் பூட்டு விழுந்து கிடப்பதால்தான் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மாற்றும் வழி இது. முதலில், குலைப் பதிவுகளைத் தொழிலாளி எண்ணுக்கு ஒரு வரியாக குரூப் பை போட்டுக் கூட்டி ஒரு தற்காலிக டேபிளில் வையுங்கள். முன்பணத்தையும் அப்படியே தனியாகக் கூட்டி வையுங்கள். தனித்தனியாகக் கூட்டிய பிறகுதான் இரண்டையும் இணைக்க வேண்டும், இதில் கவனமாக இருங்கள். ஒருவருக்கு 26 நாள் குலைப் பதிவும் 2 முன்பணப் பதிவும் இருந்து, கூட்டாமலே ஜாயின் செய்தால் 52 வரி வரும். சம்பளம் இரண்டு மடங்காகும், கழிவு 26 மடங்காகும். கர்சரை விட்டு வெளியே வரும் பலர் இந்தக் குழியில்தான் முதலில் விழுகிறார்கள். அதன் பிறகு கர்சரே தேவலை என்று திரும்பிப் போய்விடுகிறார்கள்.

முன்பணம் வாங்காதவரையும் விடாமல் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயினில் முன்பணத்தைச் சேருங்கள். முன்பணம் வாங்காதவருக்கு 'நல்', அதாவது மதிப்பே இல்லை என்ற குறி, வரும். எதிலிருந்து நல்லைக் கழித்தாலும் விடை நல்தான், அதாவது சம்பளமே காணாமல் போய்விடும். கோயலெஸ் போட்டு அதைச் சுழியாக்கிவிடுங்கள்.

அடுத்தது சேமநிதி. கர்சருக்குள் இன்னொரு கர்சரைத் திறந்து அட்டவணையை மேலிருந்து கீழாகத் தேடும் நிரல்களைப் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். உங்களுடையதும் அப்படித்தான் இருக்க வேண்டும். சேமநிதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 5,000 வெள்ளி வரை 20 வெள்ளிக்கு ஒரு படி. ஒவ்வொரு படியின் மேல் எல்லைக்குத்தான் விழுக்காடு கணக்கிட்டு, மேல்நோக்கி முழு வெள்ளியாக்குகிறார்கள். 60 வயதுக்குக் கீழ் உள்ள ஒரு மலேசியருக்கு 1,705 வெள்ளி 50 சென் சம்பளம் என்று வையுங்கள். அது 1,700.01 முதல் 1,720 வரையிலான படியில் விழும். முதலாளியின் 13 விழுக்காடு 224 வெள்ளி, தொழிலாளியின் 11 விழுக்காடு 190 வெள்ளி. சம்பளத்தை நேரடியாகப் பெருக்கினால் 221.72, 187.61 என்று தவறான தொகை வரும். அதனால் அட்டவணை வேண்டும், ஆனால் அதைத் தேட சுற்று வேண்டியதில்லை. கீழ் எல்லை, மேல் எல்லை, முதலாளி தொகை, தொழிலாளி தொகை என்று ஒரு டேபிளாக வையுங்கள். சம்பளம் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் என்ற நிபந்தனையோடு ஒரே ஒரு ஜாயின் போதும். 60 வயது ஆனவர்களுக்கு வேறு விகிதம். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து இரு தரப்பிலும் 2 விழுக்காடு. ஆகையால் எந்தப் பகுதி, எந்தத் தேதியிலிருந்து நடப்பு என்று இரண்டு பத்திகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விகிதம் மாறும் ஆண்டில் நிரலைத் தொட வேண்டியிருக்காது, டேபிளில் புது வரிகளைச் சேர்த்தால் போதும்.

கடைசியாக, எல்லாவற்றையும் இன்சர்ட் செலக்டாக ஒரே வீச்சில் சம்பளச் சீட்டு டேபிளில் எழுதுங்கள். டிரான்ஸாக்‌ஷனை இந்த இடத்தில் மட்டும் திறந்து மூடினால் போதும்.

மொத்தத்தையும் ஒரே வாக்கியமாக எழுதிக் காட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று நான்கு கட்டமாக, தற்காலிக டேபிள்களோடு எழுதினால் உங்களுக்குப் பிறகு வரும் கிராணிக்கும் புரியும். நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

பழைய புரொசீஜரை உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். முடிந்துபோன ஒரு மாதத்தை எடுத்து, பழையதையும் புதியதையும் வேறு வேறு டேபிள்களில் ஓட்டுங்கள். எக்ஸெப்ட் போட்டு முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள், பிறகு இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். இரண்டு பக்கமும் வெறுமையாக வர வேண்டும். வரவில்லை என்றால் எந்த ஆள், எத்தனை சென் வித்தியாசம் என்று பாருங்கள். பழையதில் இருக்கும் தவறு இப்படித்தான் பல முறை எனக்குத் தெரிய வந்திருக்கிறது. மூன்று மாதக் கணக்கு இப்படி ஒத்துப்போன பிறகு மாற்றுங்கள். சம்பளக் காலம் முடிந்து 7ஆம் நாளுக்குள் பணம் கைக்குப் போயாக வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. ஆகவே மாதக் கடைசி நாளில் புது நிரலைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: அண்ணே, எங்கள் கூட்டுறவுக் கடையில் உறுப்பினர் கணக்கு மைஎஸ்கியூஎல்லில் இருக்கிறது. லாப ஈவு பிரிக்கும் புரொசீஜர் ஒரு கர்சர் சுற்று. பாதியிலேயே நின்றுவிடுகிறது, ஆனால் பிழை என்று எதுவும் வருவதில்லை. சில உறுப்பினர்களுக்கு இன்னொருவர் கடன் கழிந்திருக்கிறது. என்ன கோளாறு?
— கடைப் பொறுப்பாளர், பாகான் செராய்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனது கனத்துவிட்டது. இதே தவற்றை நான் செய்திருக்கிறேன்.

2011இல் ஒரு தோட்டத்துக்குச் சம்பள நிரல் எழுதிக் கொடுத்தேன். மைஎஸ்கியூஎல்லில் சுற்றை முடிப்பதற்கு ஒரு ஹேண்ட்லர் வைப்போம் அல்லவா? 'நாட் ஃபவுண்ட்' நிலை வந்தால் 'முடிந்தது' என்ற கொடியை 1 ஆக்கு என்று. ஃபெட்ச் செய்ய வரி இல்லாதபோது அது வேலை செய்யும் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த ஹேண்ட்லர் அந்த பிளாக் முழுவதற்கும் பொது. சுற்றுக்குள் முன்பணத்தைத் தேட ஒரு 'செலக்ட் இன்டு' எழுதியிருந்தேன். ஒரு தொழிலாளி அந்த மாதம் முன்பணமே வாங்கவில்லை. தேடிய வரி கிடைக்கவில்லை, அதற்கும் 'நாட் ஃபவுண்ட்' எழுந்தது, கொடி 1 ஆகிவிட்டது. அதோடு போகவில்லை. வரி கிடைக்காவிட்டால் அந்த மாறியில் பழைய மதிப்பு அப்படியே இருக்கும். அதனால் முன்பணம் வாங்காத அந்த மனிதருக்கு, அவருக்கு முந்தைய ஆளின் முன்பணம் கழிந்தது. அடுத்த ஃபெட்ச் ஒழுங்காகவே நடந்தது, ஆனால் கொடி 1 ஆக இருந்ததால் சுற்று வெளியேறிவிட்டது. அவருக்குப் பிறகு இருந்த 31 பேருக்குச் சீட்டே இல்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லாமல், வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று திரை காட்டியது.

சம்பள நாளன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். வெளிக்காட்டு வேலை செய்யும் ஓர் அக்கா, ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எம் பேரு விட்டுப் போச்சா? நான் ஒரு நாள்கூட வேலைக்கு வராம இல்லியே" என்று கேட்டார். அவர் கேட்ட தோரணையில் கோபமே இல்லை. தான்தான் ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்ற பயம் இருந்தது. அன்று இரவே உட்கார்ந்து சரி செய்து மறுநாள் காலை எல்லோருக்கும் பணம் கொடுத்தோம். ஆனாலும் அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு நான் எழுதும் எந்தச் சுற்றுக்கும் முடிவில் ஓர் எண்ணிக்கைச் சோதனை இருக்கும். எத்தனை பேருக்குச் சீட்டு போட வேண்டும், எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறோம். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் மொத்தத்தையும் ரோல்பேக் செய்து பழைய நிலைக்கே கொண்டுபோய்விடுவேன்.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் தீர்வு, சுற்றுக்குள் எதையும் தேடாதீர்கள். கர்சரின் செலக்டிலேயே கடன் டேபிளை லெஃப்ட் ஜாயின் செய்து, கோயலெஸ் போட்ட தொகையை ஒரு பத்தியாக எடுத்துக்கொண்டு வாருங்கள். அப்படிச் செய்து முடித்ததும் கர்சரே தேவையில்லை என்று உங்களுக்கே தோன்றும்.

தேடியே ஆக வேண்டும் என்றால், அந்தத் தேடலை உள்ளே ஒரு தனி பிகின் எண்ட் பிளாக்கில் வைத்து அதற்கென்று ஒரு ஹேண்ட்லர் எழுதுங்கள். தேடுவதற்கு முன் மாறியைச் சுழியாக்குங்கள். கொடியை ஃபெட்ச் முடிந்த உடனே, வேறு எந்த வேலையும் செய்வதற்கு முன்பே பாருங்கள். 'சம்' போட்டுக் கேட்டால் பொருந்தும் வரி இல்லாவிட்டாலும் நல் மதிப்போடு ஒரு வரி வந்துவிடும், 'நாட் ஃபவுண்ட்' எழாது. சில மாதம் ஒழுங்காக ஓடி, யாரோ ஒருவர் 'சம்'மை எடுத்துவிட்டதும் கெட்டுப்போன நிரல்கள் உண்டு. டிக்ளேர் வரிசையும் முக்கியம். முதலில் மாறிகள், பிறகு கர்சர், கடைசியில் ஹேண்ட்லர். மாற்றி எழுதினால் மைஎஸ்கியூஎல் ஏற்றுக்கொள்ளாது.

கேள்வி: அப்படியென்றால் கர்சரை எப்போதுமே பயன்படுத்தக் கூடாதா? கர்சருக்குப் பதிலாக வைல் சுற்று எழுதினால் வேகமாக இருக்கும் என்று நண்பன் சொல்கிறான்.
— பாலிடெக்னிக் மாணவர், ஈப்போ

பதில்: நண்பர் சொல்வது சரியில்லை. தற்காலிக டேபிளில் வரிகளைக் கொட்டி, சின்ன எண்ணை எடுத்து, வேலை முடிந்ததும் அழித்து, மறுபடி சின்ன எண்ணைத் தேடும் வைல் சுற்றும் பெரட்டுதான். கூப்பிடும் ஆள் மட்டும்தான் வேறு. ஒழுங்காக அறிவித்த கர்சரைவிட அது பல நேரம் மெதுவாகவே ஓடும்.

கர்சருக்கு உரிய இடங்கள் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் தொகுப்பாகச் செய்ய முடியாத ஒரு செயல் நடக்க வேண்டும் என்றால் கர்சர் எழுதலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது, நீங்கள் மாற்ற முடியாத ஒரு புரொசீஜரை ஒவ்வோர் எண்ணுக்கும் அழைப்பது, சர்வரில் உள்ள ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் பேக்கப் எடுப்பது, ஒவ்வொரு டேபிளின் இண்டெக்ஸையும் புதுப்பிப்பது, இவற்றில் கர்சர் எழுத நான் தயங்குவதில்லை. இப்படிப்பட்ட வேலைகளில் நேரத்தைத் தின்பது செய்யும் செயல்தான், கர்சர் அல்ல.

ஆனால் "முந்தைய வரியின் மதிப்பு வேண்டும், அதனால் கர்சர்" என்ற பழைய காரணம் இப்போது செல்லாது. கடன் மீதியை வரிக்கு வரி காட்ட 'சம் ஓவர்' இருக்கிறது, முந்தைய வரியை எட்டிப் பார்க்க 'லேக்' இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் 2012 பதிப்பிலிருந்து இவை இரண்டையும் இப்படிப் பயன்படுத்தலாம். மைஎஸ்கியூஎல்லில் 2018இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து உண்டு.

எஸ்கியூஎல் சர்வரில் எழுதுவதாக இருந்தால் 'லோக்கல் ஃபாஸ்ட் ஃபார்வர்ட்' என்று போட்டு எழுதுங்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டால், டேட்டாபேஸ் அமைப்பை யாரும் மாற்றாதவரை, கர்சர் குளோபல் ஆகிவிடும். உங்கள் புரொசீஜர் முடிந்த பிறகும் அந்த இணைப்பில் அது உயிரோடு இருக்கும். அடுத்த முறை அதே பேரில் டிக்ளேர் செய்யப் போனால், ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை வரும். ஃபாஸ்ட் ஃபார்வர்ட் என்றால் முன்னோக்கி மட்டும், படிக்க மட்டும். தொண்ணூறு சதவீத வேலைக்கு அதற்கு மேல் தேவைப்படாது. ஸ்டேட்டிக் வகை முழு விடையையும் டெம்ப்டிபி என்ற தற்காலிக டேட்டாபேஸில் நகலெடுத்து வைக்கும். கீசெட் வகை சாவிகளை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளும். டைனமிக் வகை, நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே தரையை மாற்ற விடும், அதாவது இடையில் மற்றவர்கள் செய்த மாற்றமும் உங்கள் சுற்றில் தெரியும்.

கீசெட்டில் ஒரு பொறி இருக்கிறது, நான் மேலே சொன்ன 31 பேரின் கதைக்கு அண்ணன் தம்பி. ஃபெட்ச் நிலை 0 என்றால் வரி கிடைத்தது. -1 என்றால் வரிகள் முடிந்தன. -2 என்றால் அந்த வரியை இடையில் யாரோ அழித்துவிட்டார்கள், ஆனால் பட்டியல் இன்னும் முடியவில்லை. 'நிலை 0 ஆக இருக்கும் வரை சுற்று' என்று எழுதியவர்களுக்கு -2 வந்த இடத்தில் வேலை நின்றுபோகும். மீதி ஆட்கள் விட்டுப்போவார்கள்.

ஃபெட்சைச் சுற்றுக்கு முன் ஒன்று, சுற்றின் அடியில் ஒன்று என்று இரண்டு இடத்தில் எழுதிப் பழக்குகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. நடுவில் ஒரு 'கன்டினியூ' வந்தால் அடியில் உள்ள ஃபெட்சைத் தாண்டிப் போய், ஒரே வரியில் முடிவில்லாமல் சுற்றும். ஒன்று சமம் ஒன்று என்று சுற்றைத் திறந்து, தலையில் ஒரே ஒரு ஃபெட்ச், அடுத்த வரியிலேயே நிலையைப் பார்த்து 'பிரேக்' என்று எழுதுங்கள். நிலையை உடனே பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த எண் அந்த இணைப்பில் உள்ள எல்லா கர்சருக்கும் பொது. நடுவில் நீங்கள் அழைத்த புரொசீஜருக்குள் வேறொரு கர்சர் ஓடியிருந்தால் நீங்கள் பார்ப்பது அதனுடைய நிலையாக இருக்கும்.

தேவையான பத்திகளை மட்டும் எடுங்கள், செலக்ட் நட்சத்திரம் வேண்டாம். ஆர்டர் பை கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் எந்த வரிசையில் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பாதியில் நின்றால் எந்த ஆளோடு நின்றது என்று தெரிந்து தொடர்வதற்கும் அந்த வரிசை வேண்டும். கேட்ச் பகுதியிலும் குளோஸ், டீஅலோகேட் இரண்டையும் எழுதுங்கள். தேர்வில் மதிப்பெண் போகிறதோ இல்லையோ, வேலைக்கு வந்த பிறகு இது உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: எங்கள் ஜாவா நிரல் காலையில் நன்றாக ஓடுகிறது. மதியத்துக்கு மேல் ஆரக்கிள் டேட்டாபேஸில், திறந்த கர்சர்கள் அளவைத் தாண்டிவிட்டன என்று சொல்லும் ஓஆர்ஏ 01000 பிழை வருகிறது. ஓப்பன் கர்சர்ஸ் அளவைக் கூட்டினோம், இப்போது மாலையில் வருகிறது.
— வாசகர், தெலுக் இந்தான்

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது. வாளியில் ஓட்டை, நீங்கள் பெரிய வாளி வாங்கியிருக்கிறீர்கள். ஸ்டேட்மென்டையும் ரிசல்ட் செட்டையும் திறந்தவர்கள் மூடவில்லை. ஜாவாவின் 'டிரை வித் ரிசோர்சஸ்' முறையில் எழுதினால், இடையில் பிழை எழுந்தாலும் தானாக மூடிக்கொள்ளும். எந்த எஸ்கியூஎல் திறந்தே கிடக்கிறது என்பதை 'வி டாலர் ஓப்பன் கர்சர்' என்ற காட்சியில் பாருங்கள். ஒரே வாக்கியம் நூறு முறை தெரிந்தால், ஸ்டேட்மென்டைச் சுற்றுக்குள் உருவாக்கி மூடாமல் விட்டிருக்கிறீர்கள்.

கடிதத்தோடு வைத்திருந்த பிஎல் எஸ்கியூஎல் (ஆரக்கிளின் நிரல் மொழி) பகுதியையும் பார்த்தேன். அதில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும். 'ஃபார் அப்டேட்' போட்டுத் திறந்த கர்சரின் சுற்றுக்குள் கமிட் செய்கிறீர்கள். கமிட் செய்ததும் பூட்டு போய்விடும், அடுத்த ஃபெட்ச் ஓஆர்ஏ 01002 என்று விழும். கமிட்டைச் சுற்றுக்கு வெளியே கொண்டுபோங்கள். இரண்டாவது, 'பல்க் கலெக்ட் லிமிட் 100' என்று நல்ல முறையில்தான் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் எடுத்த உடனே 'நாட் ஃபவுண்ட்' பார்த்து வெளியேறுகிறீர்கள். மொத்தம் 250 வரி இருந்தால், மூன்றாவது எடுப்பில் 50 வரிதான் வரும். கேட்ட 100 வராததால் 'நாட் ஃபவுண்ட்' உண்மையாகிவிடும், அந்த 50 பேரும் கணக்கில் வராமல் போவார்கள். தொகுப்பின் எண்ணிக்கை சுழியா என்று பார்த்து வெளியேறுங்கள்.

கேள்வி: பைத்தானில் போஸ்ட்கிரெஸ் டேபிள் ஒன்றைப் படிக்கிறேன். ஃபெட்ச்ஒன் என்றுதான் ஒவ்வொன்றாக எடுக்கிறேன். ஆனாலும் மடிக்கணினியின் நினைவகம் நிரம்பிவிடுகிறது.
— வாசகி, கோலக் கங்சார்

பதில்: பைத்தானிலிருந்து போஸ்ட்கிரெஸோடு பேச உதவும் சைக்கோபிஜி2இன் சாதாரண கர்சர், எக்ஸிகியூட் சொன்ன உடனே முழு விடையையும் உங்கள் கணினிக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஃபெட்ச்ஒன் அந்தக் குவியலிலிருந்து ஒன்றைக் கையில் கொடுக்கிறது, அவ்வளவுதான். கர்சரை உருவாக்கும்போது அதற்கு ஒரு பேர் கொடுங்கள். பேர் வைத்த கர்சர் சர்வரிலேயே இருக்கும். அதை ஃபார் சுற்றில் ஓட்டினால் இயல்பாக 2,000 வரியாக வாங்கிக்கொண்டு வரும். பேர் வைத்த பிறகு ஃபெட்ச்ஒன்னையே பிடித்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு வரிக்கும் சர்வருக்குப் போய் வர வேண்டும், அதனால் ஃபார் சுற்றுக்கு மாறுங்கள். அந்தச் சுற்று முடியும் வரை டிரான்ஸாக்‌ஷன் திறந்தே இருக்கும். வரிகளுக்கு நடுவில் மணிக்கணக்காக வேறு வேலை செய்தால், வேக்யூம் என்ற துப்புரவு வேலை பழைய வரிகளைத் துடைக்க முடியாமல் அந்த டேட்டாபேஸ் ஊதிப்போகும். சீக்கிரம் படித்து, சீக்கிரம் மூடுங்கள்.

கேள்வி: ஐயா, திரையில் துடிக்கும் கோட்டையும் கர்சர் என்கிறோம், டேட்டாபேஸிலும் கர்சர் என்கிறார்களே. இரண்டும் ஒன்றா?
— மூன்றாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: பொருள்கள் வேறு, சொல் ஒன்றுதான் மா. லத்தீன் மொழியில் கர்சர் என்றால் ஓடுபவன். கணினிக்கு முன்பு பொறியாளர்கள் வைத்திருந்த நழுவுகோல் கணக்கியில், கோலின் மேல் ஓடும் கண்ணாடித் துண்டுக்கும் கர்சர் என்றுதான் பேர். திரையில் நீ எழுதும் இடத்தைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. டேட்டாபேஸில் எந்த வரியில் இருக்கிறோம் என்பதைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது.

கேள்வி: மண்டோர்கள் (வேலை மேற்பார்வையாளர்கள்) கைப்பேசியில் குலை எண்ணிக்கை பதிய ஆண்ட்ராய்ட் செயலி ஒன்று செய்தேன். குலையின் படத்தையும் அதே எஸ்கியூஎல்லைட் டேபிளில் சேமிக்கிறேன். சில பதிவுகளைத் திறந்தால் மட்டும் செயலி விழுந்துவிடுகிறது.
— தோட்ட உதவி நிர்வாகி, குவாலா சிலாங்கூர்

பதில்: ஆண்ட்ராய்டில் கர்சர் தன் வரிகளை ஒரு சின்னச் சாளரத்துக்குள் வைத்துத்தான் கொடுக்கும். அதன் வழக்கமான அளவு 2 எம்பி. மண்டோர் நல்ல கைப்பேசியில் எடுத்த ஒரு படம் அதற்கு மேல் இருந்தால், அந்த ஒரு வரியே சாளரத்தில் அடங்காது. பழைய கைப்பேசிக்காரர்களின் பதிவுகள் திறப்பதும் புதியவர்களுடையது விழுவதும் இதனால்தான் இருக்கும், சோதித்துப் பாருங்கள். படத்தைக் கோப்பாகச் சேமித்து, டேபிளில் கோப்பின் பாதையை மட்டும் வையுங்கள். ஏற்கெனவே டேபிளுக்குள் போய்விட்ட படங்களை மீட்க, 'சப்ஸ்டர்' (substr) மூலம் ஒரு எம்பிக்கும் குறைவான துண்டுகளாக எடுத்து ஒட்டுங்கள். மண்டோர்களிடம் மறுபடி படம் எடுக்கச் சொல்ல வேண்டாம், அந்தக் குலைகள் எப்போதோ ஆலைக்குப் போயிருக்கும்.